பக்கத்து வீட்டைப் பார்த்த சுவர்

என் கணவருக்குப் பேரம் பேச வராது. தாம்பரம் மார்க்கெட்டில் கீரைக்கார அம்மா விலை சொன்னால், “அவ்வளவுதானா?” என்று வாய்விட்டுக் கேட்கிறவர் அவர். அடுத்த வாரம் அந்த அம்மா கொஞ்சம் கூட்டியே சொல்லுவார். அதற்கும் இவர் “பரவாயில்லையே” என்பார். கீரைக்கு இதெல்லாம் போகட்டும். வீடு வாங்கவும் இந்த மனிதரைத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அப்போது நாங்கள் மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தோம். அவருக்கு ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலை. எனக்குப் பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஃபிசிக்ஸ் டீச்சர் வேலை. காலையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டியில் ஊர்ந்து, பல்லாவரம் தாண்டிப் பம்மல் போய்ச் சேரும்போது முதல் பீரியடுக்கான தொண்டை பாதி போயிருக்கும். அவருக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை என்று ஆன பிறகு, “இனிமே நீ அலைய வேண்டாம், உன் ஸ்கூல் பக்கமே வீடு பாப்போம்” என்று அவராகவே சொன்னார். அவருடைய பேரம் பேசாத குணத்தால் எனக்கு லாபம் வந்த முதல் தடவை அது.

பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றினோம். பிடித்த வீடு கைக்கு எட்டவில்லை, எட்டிய வீட்டுக்குள் ஸ்கூட்டியைத் திருப்பக்கூட இடமில்லை. சலித்துப்போய் விட்டுவிடலாம் என்று இருந்தபோதுதான் புரோக்கர் போன் செய்தார்.

“மேடம், பொழிச்சலூர்ல ஒரு வூடு கீது. தனி வூடு. கீழ மூணு ரூமு, மேல ஒண்ணு. கெணறு கீது, தண்ணி சும்மா எளநி மாதிரி கீது. செவுரு மட்டும் லைட்டா வேலை கீது.”

“லைட்டான்னா எவ்ளோ?”

“அத நீங்களே வந்து பாருங்க மேடம். வெளிச் செவுருதான். ஒரு பக்கம்தான். பேஜாரே இல்ல.”

அந்த வீட்டைப் பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. வாசலில் ஒரு கொய்யா மரம், கிணற்றடியில் துணி துவைக்கிற கல், வெளிச்சமான சமையலறை. என் பள்ளிக்கூடத்துக்கு இங்கிருந்து நடந்தே போய்விடலாம். வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியாக, நிமிர்ந்து, வீட்டில் இருக்கும்போதுகூடச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்து, அவருடைய மனைவி கோயம்புத்தூர் போய்விட்டார். இவரும் அங்கேயே போய்விடப் போகிறார். வீடு விற்கிற வரைக்கும் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்.

பொழிச்சலூரில் விமானம் தலைக்கு மேலேயே போகும். அவர் எங்களை உட்காரவைத்து, விலை சொல்ல வாயைத் திறந்தார். விமானம் வந்தது. ஒரு விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, அது போகட்டும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தார். அந்த இடைவெளியில் என் கணவர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். என் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி, “இந்த வீட்ட விடவே கூடாது!” என்றார். அதற்குள் விமானம் போய்விட்டிருந்தது.

வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். அவர் அப்புறம் சொன்ன விலை, சொல்ல நினைத்திருந்த விலையைவிட எவ்வளவு அதிகம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் எழுந்து அறைகளைச் சுற்றிப் பார்த்தேன். மேற்குப் பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் ஒரு பெரிய ரயில் பாதை வரைபடம் மாட்டியிருந்தது. ரயில்வேக்காரர் வீட்டில் அது இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அது முழங்கால் உயரத்தில் ஆரம்பித்தது. கன்னியாகுமரியைப் பார்க்க வேண்டுமானால் தரையில் உட்கார வேண்டும். நான் அதன் ஓரத்தை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிந்திருந்தது. விரல் வைத்தால் சில்லென்று ஈரம்.

“சார், இங்க ஓதம் இருக்கே?”

“அது கொஞ்சம் பழைய மழை” என்றார்.

பழைய மழை என்று ஒன்று உண்டா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் என் கணவர், “செவுருதானே சார், பாத்துக்கலாம்” என்றார். நான் அவர் காலை மிதித்தேன்.

அடுத்த ஞாயிறு எங்களுக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவரை அழைத்துக்கொண்டு போனோம். அவர் உள்சுவரைத் தட்டிப் பார்த்தார், மொட்டை மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் குனிந்து எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, “மேல இருந்து பாத்தா ஒரு செடிதான் தெரிது. வெளியாண்ட நின்னு பாத்தாதான் சொல்ல முடியும். எப்டி போறது அந்தாண்ட?” என்றார்.

புரோக்கர் தலையைச் சொறிந்தார். “அந்தாண்ட போ முடியாது மேஸ்திரி. அது பக்கத்து வூடு.”

அப்போதுதான் விஷயம் புரிந்தது. இந்த வீட்டின் மேற்குச் சுவர் எல்லையை ஒட்டியே எழுப்பப்பட்டது. சுவருக்கு வெளியே ஓர் அடி இடம்கூட இவருடையது இல்லை. சுவர் பக்கத்து வீட்டு முற்றத்தில்தான் போய் நிற்கிறது. அதைப் பூச வேண்டுமானால் அந்த முற்றத்தில்தான் சாரம் கட்ட வேண்டும்.

“கேட்டா விட மாட்டாங்களா?” என்றேன்.

“அங்க நான் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல” என்றார் வீட்டுக்காரர். “என் செவுரு நல்லாதான் இருக்கு.” மேல் பட்டனை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தெருவுக்கு வந்ததும் புரோக்கர் குரலைத் தாழ்த்திக் கதையைச் சொன்னார். பல வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டம்மா மாடி கட்டினார்கள். தளம் போட்ட அன்று சிமென்ட் பால் வழிந்து இவர் சுவரெல்லாம் கோடு விழுந்துவிட்டது. இவரோ மகள் கல்யாணத்துக்காக அப்போதுதான் அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடித்திருந்தார். முற்றத்துக்கே போய், வேலைக்காரர்கள், சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறார். அந்த அம்மாவும் விடவில்லை. “இனிமே என் வூட்டு எடத்துல கால் வைக்காதீங்க” என்று சொல்லிவிட்டார்களாம். அன்றோடு இவர் அந்த வாசல் பக்கம் திரும்பியதே இல்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மனைவியைத்தான் அனுப்பினாராம்.

“அதான் மேடம் செவுரு அப்டியே கீது. அவரும் கேக்கல, அவங்களும் கூப்டல.”

பக்கத்து வீட்டு கேட்டில் ஒரு சின்னப் பலகை தொங்கியது. ‘கேக் ஆர்டர் எடுக்கப்படும்.’ என் மகளுக்குப் பிறந்தநாள் வருவது உண்மைதான், இரண்டு மாதம் தள்ளி. நான் கணவரைப் பார்த்தேன். “நீங்க இங்கயே நில்லுங்க. எதுவும் பேசாதீங்க” என்று சொல்லிவிட்டு கேட்டைத் திறந்தேன்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை, புடவைக்கு மேல் ஏப்ரன், முழங்கை வரை மைதா. உள்ளே வெண்ணெய் வாசனை கமகமத்தது. சாக்லேட்டா வெனிலாவா, முட்டை போடலாமா என்று அவர் கேட்கக் கேட்க, நான் பதில் சொல்லிக்கொண்டே அவர் தோளுக்குப் பின்னால் இருந்த சமையலறை ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் முழுக்க அந்தச் சுவர்தான் தெரிந்தது.

“எத்தன கிலோ?” என்றார்.

“வெரிசல் பெருசா இருக்கே” என்றேன் என்னை அறியாமல்.

அவர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நீ கேக் வாங்க வந்தியா, செவுத்தப் பாக்க வந்தியாம்மா?”

“ரெண்டுக்கும்தாங்க்கா” என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் ஏப்ரனிலிருந்து மாவு உதிர்ந்தது. “உள்ள வா. அத முன்னாடியே சொல்லக் கூடாதா? கேக் ஆர்டரு எடுத்துட்டுத்தான் காட்டுவேன், அது வேற.”

முற்றத்தில் நின்று சுவரை அண்ணாந்து பார்த்தேன். பூச்சு பெரிய பெரிய பட்டையாகப் பெயர்ந்து செங்கல் பல்லைக் காட்டியது. மேலிருந்து கீழே வரை கறுப்புப் பாசி. கைப்பிடிச் சுவருக்குக் கீழே ஓர் அரசஞ்செடி நன்றாக வேர்விட்டுக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் அந்த அம்மா வரிசையாக வைத்திருந்த ரோஜாத் தொட்டிகள் எல்லாவற்றிலும் சிமென்ட் தூள்.

“மழ பேஞ்சா ஒரு துண்டு விழும். நான் ஜன்னலத் தொறக்கறதே இல்ல, கேக்குல தூசு விழுந்துரும்னு” என்றார்.

“நீங்க அவர்கிட்ட சொல்லலயா?”

“அவர்தான் இந்தப் பக்கமே பாக்க மாட்டாரே. அவங்க வூட்டு அக்கா நல்லவங்க, டெய்லி கோயம்புத்தூர்ல இருந்து போன் பண்ணுவாங்க. பேரப்புள்ள போட்டோ அனுப்புவாங்க. செவுத்தப் பத்திப் பேசினா மட்டும் ‘அந்த மனுஷன் கேக்க மாட்டாரு’ன்னு சொல்லிடுவாங்க.”

மேஸ்திரியையும் என் கணவரையும் உள்ளே கூப்பிடலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். மேஸ்திரி சுவர் முழுக்கச் சுத்தியலால் தட்டினார். செங்கல் கெட்டியாக இருக்கிறது, பழுதெல்லாம் மேல்பூச்சில்தான், முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு, செடியை வேரோடு பிடுங்கி, தண்ணீர் இறங்காத மருந்து கலந்து புதிதாகப் பூச வேண்டும் என்றார். உத்தேசமாக ஒரு தொகையும் சொன்னார். அதைக் கேட்டு என் கணவர் வழக்கம்போல “அவ்வளவுதானா?” என்று சொல்லப் போனார். என் முகத்தைப் பார்த்துவிட்டு இருமினார்.

அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி வீட்டுக்காரரிடம் போனோம். நியாயமான பேச்சு என்றுதான் நினைத்தோம். அவர் முகம் மாறியது வேறு காரணத்துக்காக.

“நீங்க அங்க போனீங்களா?”

“போனோம் சார். செவுரு ரொம்ப மோசமா இருக்கு.”

“நான் மேல இருந்து எட்டிப் பாத்திருக்கேன். நல்லாதான் இருக்கு.”

நான் போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “போட்டோல எல்லாமே பெருசாத்தான் தெரியும்.”

“அப்ப நேர்ல வந்து பாருங்க சார். ரெண்டு நிமிஷம்.”

“கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. வைக்க மாட்டேன். அது வேற விஷயம். ஆனா நான் பாக்காத ஒண்ணுக்கு நான் ஏன் விலைய கொறைக்கணும்?”

இதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று என் கணவர் தலையாட்டினார். நான் அவரை முறைத்தேன். வீட்டுக்காரர் கொஞ்சம் குறைக்க ஒப்புக்கொண்டார், அது அரசஞ்செடியைப் பிடுங்கத்தான் போதும். பேச்சு அங்கேயே நின்றது. நாங்கள் எழுந்தோம். வாசல் வரை வந்து, “மன்னிச்சுக்கோங்க டீச்சர், உங்களுக்கே குடுக்கணும்னுதான் எனக்கு ஆசை” என்றார். அதைக் கேட்டபோது கோபப்படவும் முடியவில்லை.

அந்த வாரம் முழுக்கப் புரோக்கர் போன் மேல் போன். வேறொரு பார்ட்டி வருகிறார்கள், சுவரையே கேட்கவில்லை, சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்றார். வேறொரு பார்ட்டி எப்போதும் வந்துகொண்டேதான் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வகுப்பில் ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருந்தபோது, நான் போர்டில் போட்ட செவ்வகத்தைப் பார்த்தால் அந்த வீட்டின் தளவரைபடம் மாதிரியே இருந்தது. சமையலறை எந்தப் பக்கம் என்றுகூட மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். மாணவிகள் எழுதாமல் என்னையே பார்த்தபோதுதான் நான் சும்மா நின்றிருப்பது தெரிந்தது.

சனிக்கிழமை ஆர்டர் கொடுத்த கேக்கை வாங்கப் போனேன். பிறந்தநாளுக்காகக் காத்திருக்க முடியாது என்று மகள் சொல்லிவிட்டதால், சும்மா சாப்பிடவே வாங்குவதாக ஏற்பாடு. கணவரும் வந்திருந்தார். அந்த அம்மா பெட்டியில் ரிப்பன் கட்டிக்கொண்டே, “வூடு முடிஞ்சுதா?” என்று கேட்டார்.

நான் நடந்ததைச் சொன்னேன். “நீங்க கால் வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்களாமேக்கா, அதனால வந்து பாக்கவே மாட்டேன்றார்.”

அவர் கை ரிப்பனில் நின்றது. “நானா? நான் எப்ப சொன்னேன்?”

“மாடிக்குத் தளம் போட்ட அன்னிக்கு.”

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கண்கள் விரிந்தன. “ஐயோ ஆண்டவரே! அன்னிக்கா? அன்னிக்கு நூறு பேருக்குச் சோறு ஆக்கினு, மிக்சர் மெஷின் ரிப்பேராகி, எங்க வீட்டுக்காரரு வேற அப்பதான் ஆஸ்பத்திரியில இருந்து வந்திருந்தாரு. அன்னிக்கு நான் யாரைத்தான் திட்டல? அதப் போயி இத்தன வருஷமா வச்சினு இருக்காரா அந்த மனுஷன்?”

அப்படியே எழுந்தார். ஏப்ரனைக் கழற்றவில்லை, கையைக்கூடத் துடைக்கவில்லை. விடுவிடுவென்று தெருவில் இறங்கி அடுத்த கேட்டுக்குப் போனார். நாங்கள் கேக் பெட்டியோடு பின்னால் ஓடினோம்.

“சார்! சார்!”

அவர் வெளியே வந்தார். யாரையும் எதிர்பார்க்காததால் கைலியும் பனியனுமாக இருந்தார். அந்த அம்மாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். இருவருக்கும் நடுவே பூட்டாத கேட் ஒன்றுதான் இருந்தது.

“வாங்க சார், வந்து உங்க செவுத்தப் பாருங்க.”

“நீங்கதான் கால் வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க.”

“சொன்னேன். இப்ப வைங்கன்னு சொல்றேன். அன்னிக்குச் சொன்னதக் கேட்டீங்கல்ல, இதையும் கேளுங்க.”

அவர் கேட்டைப் பிடித்தார். ஏதோ சொல்ல வந்தார். மேலே விமானம். எல்லாரும் அது போகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் நின்றோம். என் கணவர்கூட ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிய விஷயம். சத்தம் அடங்கியதும் வீட்டுக்காரர், “ஒரு நிமிஷம் இருங்க” என்று உள்ளே போனார்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். பேண்ட் போட்டு, முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் கட்டி, தலை சீவியிருந்தார். ஆபீசுக்குப் போகிறவரைப் போல நேராக நடந்து பக்கத்து வீட்டு கேட்டுக்கு வந்து, அங்கே செருப்பைக் கழற்றினார்.

“செருப்போடவே வாங்க சார், வெளி எடம்தானே” என்றார் அந்த அம்மா. அவர் கேட்கவில்லை. வெறுங்காலோடுதான் உள்ளே போனார்.

முற்றத்துக்குப் போய்த் தன் சுவரை நிமிர்ந்து பார்த்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கிட்டே போய் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினார். ஒரு பட்டை பூச்சு சரிந்து அவர் பாதத்துக்கு அருகே விழுந்து உடைந்தது. அவர் விலகக்கூட இல்லை.

“இதையா வித்துனு இருந்தேன்?” என்றார். யாரிடமும் இல்லை, சுவரிடம்.

பிறகு திரும்பிச் சமையலறை ஜன்னலைப் பார்த்தார். அங்கிருந்து சுவரை மறுபடி பார்த்தார். அவர் என்ன யோசித்தார் என்று எனக்குப் புரிந்தது. அவருடைய சுவரை அவர் இத்தனை வருஷம் நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. அதைத் தினமும் பார்த்துக்கொண்டு இருந்தது இந்த அம்மாதான்.

“உங்க ஜன்னலுக்கு நேரா இதுவாம்மா இருந்துச்சு?”

“பரவால்ல சார், பழகிடுச்சு.”

“எப்டிப் பழகும்? நான் உங்ககிட்ட வந்து கேட்டிருக்கணும். அன்னிக்குக் கத்தினதும் தப்பு. பெயிண்டுதானே.”

“நானும் அன்னிக்கு அப்டி சொல்லியிருக்கக் கூடாது. வுடுங்க சார். காப்பி குடிக்கிறீங்களா?”

அவர் காப்பி குடித்தார். முற்றத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கேக்கை அந்த அம்மாவே வெட்டி எல்லாருக்கும் வைத்தார். அது நாங்கள் ஆர்டர் கொடுத்த கேக் என்பதை நானும் மறந்துவிட்டேன். வீட்டுக்காரர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

“டீச்சர், நீங்க கேட்டதவிட அதிகமாவே கொறச்சிக்கிறேன். இந்தச் செவுத்த வச்சிக்கிட்டு நான் அந்த வெல சொல்லியிருக்கக் கூடாது.” சொல்லிவிட்டு ஒரு தொகை சொன்னார். நாங்கள் கனவிலும் அவ்வளவு குறைத்துக் கேட்டிருக்க மாட்டோம்.

என் கணவர் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா குறுக்கே வந்தார். “சார், உங்களுக்கு இன்னா பைத்தியமா? அவ்ளோ எதுக்குக் கொறைக்கிறீங்க? செங்கல்லு கெட்டியா கீதுன்னு அவங்க மேஸ்திரியே சொன்னாரு, நான் பக்கத்துல நின்னு கேட்டேன். எங்க சர்ச்சுக்குப் பூசின ஆளு இருக்காரு, இவங்க மேஸ்திரி சொன்னதுல முக்கால்தான் கேப்பாரு.”

“அக்கா!” என்றேன் நான். “நீங்க எங்க பக்கம்தானே?”

“கேக்கு விஷயத்துல உங்க பக்கம்மா. அவரு புள்ளைங்களுக்கு நாலு காசு வேணும்ல?”

என் கணவர் என் பக்கம் சாய்ந்து, “இப்ப நமக்காக யார்தான் பேசறாங்க?” என்று மெதுவாகக் கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்து காப்பி புரைக்கேறிவிட்டது. அந்த அம்மா என் தலையில் தட்டினார், வீட்டுக்காரர் தண்ணீர் எடுத்து வர அவர்கள் சமையலறைக்குள்ளேயே போய்விட்டார்.

தண்ணீர் செம்போடு திரும்பி வந்தபோது அவர் ஒரு முடிவோடு வந்தார். “இதெல்லாம் வேண்டாம். செவுத்த நானே பூசிக் குடுத்துட்டுப் போறேன். பூசின வூட்டுக்கு என்ன வெலையோ அத டீச்சர் குடுக்கட்டும். என் செவுரு, நான் பண்ண வேண்டிய வேல. இத இன்னொருத்தர் தலையில கட்டிட்டுக் கோயம்புத்தூர்ல போயி எனக்கு ஒக்கார முடியாது.”

“இதான் சார் கரெக்ட்டு” என்றார் அந்த அம்மா. நானும் தலையாட்டினேன். விலை என்ன என்று பேச வேண்டியிருந்தது. அந்த ஒரு தடவை நான் கணவரைப் பேசவிட்டேன். அவர், “சார், முன்னாடி சொன்னதுல செடிக்காகக் கொறச்சீங்களே, அத மட்டும் கொறச்சிக்கோங்க. போதும்” என்றார். வீட்டுக்காரர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்படித்தான் எங்கள் வீடு முடிந்தது. அதைப் பேரம் என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எந்தப் பக்கம் யோசித்தாலும் யாருக்கும் வருத்தம் வரவில்லை.

அட்வான்ஸ் கொடுத்தோம், வில்லங்கம் பார்த்தோம், வங்கிக் கடனுக்கு அலைந்தோம். அந்த நாட்களில் பக்கத்து வீட்டு முற்றத்தில் சாரம் ஏறியது. ரோஜாத் தொட்டிகளை வீட்டுக்காரரே ஒவ்வொன்றாகத் தூக்கித் தன் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றினார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய்ப் பார்ப்பேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பார், சமையலறை ஜன்னல் திறந்திருக்கும், உள்ளேயிருந்து அந்த அம்மா கலவையில் மணல் ஜாஸ்தி என்று கத்துவார். வீட்டுக்காரருடைய மதியச் சாப்பாடு அந்த ஜன்னல் வழியாகத்தான் வந்தது. வேலைக்காரர்கள் கேக்கின் ஓரத்துண்டுக்காகவே டீ நேரத்தில் தாமதம் செய்வார்கள். பூசி முடித்ததும் காலையும் மாலையும் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டவர் அவரே. கோயம்புத்தூரிலிருந்து மனைவி, “எப்ப வரப் போறீங்க?” என்று கேட்டதற்கு, “செவுரு காயணும்” என்று பதில் சொன்னாராம்.

பெயிண்ட் என்று வந்தபோது மறுபடி சண்டை. அவர் வெளிர் நீலம் என்றார். அந்த அம்மா சந்தன நிறம் என்றார். எங்களுக்கு வெள்ளை பிடிக்கும் என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீ பாக்கப் போறியா, நான் பாக்கப் போறனா?” என்றார் அந்த அம்மா.

சந்தன நிறமே அடித்தோம். வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தார். மறுநாள் சாயங்கால வெயில் பட்டபோது, “நல்லாத்தான் இருக்கு” என்று அவராகவே ஒப்புக்கொண்டார்.

பத்திரம் முடிந்து அவர் கோயம்புத்தூர் போனார். நாங்கள் ஐப்பசிக்கு முன்னால் குடிவந்தோம். முதல் பெருமழை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை விடவில்லை. நானும் கணவரும் மேற்கு அறையில் தரையில் உட்கார்ந்து சுவரை ஆளுக்கொரு பக்கம் தடவிக்கொண்டிருந்தோம். அப்போது வெளியே சுவரை யாரோ தட்டுகிற சத்தம். மாடிக்கு ஓடிக் குடையோடு எட்டிப் பார்த்தேன். கீழே முற்றத்தில் அந்த அம்மா தலையில் பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். கையில் போன்.

“உள்ள ஈரம் ஏதாவது இருக்காம்மா?”

“இல்லக்கா! காஞ்சு போயி இருக்கு!”

அவர் போனைக் காதில் வைத்தார். “கேட்டுச்சா சார்? இல்லையாம்.” கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மறுபடி என்னைப் பார்த்து அண்ணாந்தார். “கைய நல்லா வச்சுப் பாத்தியான்னு கேக்கறாரு.”

“ரெண்டு பேரும் வச்சுப் பாத்தோம்க்கா!”

“ரெண்டு பேரும் பாத்தாங்களாம் சார்” என்று போனில் சொல்லிக்கொண்டே அவர் உள்ளே போனார். மழை சத்தத்தில் மீதிப் பேச்சு எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவர் சிரித்தது கேட்டது.